வாசகர் கேள்வி பதில்: மீன் காட்சியகத்தில் ஒரு நாள்

கேள்வி: வரும் விடுமுறையில் கடலோரத்தில் உள்ள ஒரு பெரிய மீன் காட்சியகத்துக்குக் குடும்பத்துடன் செல்லவிருக்கிறோம். ஆறு வயது மகளும், முழங்கால் வலியுள்ள என் தாயாரும் உடன் வருகிறார்கள். முன்பு ஒருமுறை போனபோது எல்லாத் தொட்டிகளையும் பார்த்துவிட வேண்டும் என்று விரைந்து நடந்ததில், எதுவுமே மனத்தில் தங்கவில்லை. இம்முறை எப்படிப் பார்ப்பது?

பதில்: எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். கதவு திறக்கும் நேரத்திலேயே சென்று, வழியில் உள்ள சிறு தொட்டிகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, நேரே பெருந்தொட்டிக்குப் போய்விடுங்கள். கூட்டம் வந்து சேர்வதற்குள் தாயாருக்கு உட்கார இடமும், மகளுக்குக் கண்ணாடியை ஒட்டிய இடமும் கிடைத்துவிடும். அங்கே அரை மணி நேரமாவது இருங்கள். முதல் ஐந்து நிமிடங்களில் எல்லாமே வெறும் மீன்கள்; அதன் பிறகுதான் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும்.

மணலில் அசையாமல் கிடக்கும் ஒரு சுறாவைக் காட்டி, அது செத்துவிட்டதா என்று மகள் கேட்கக்கூடும். அதன் வாயைக் கவனிக்கச் சொல்லுங்கள். மெல்லத் திறந்து மூடும் அந்த வாய்க்குச் சற்றுப் பின்னால், செவுள் பிளவுகளும் அதே தாளத்தில் விரிந்து சுருங்குவதைக் குழந்தையே கண்டுபிடித்துவிடும். சில சுறாக்கள் இப்படிப் படுத்தபடியே நீரை உள்ளிழுத்து மூச்சுவிடும். வேறு சில, ஓயாமல் நீந்தினால்தான் செவுள்களின் வழியே போதிய நீர் பாயும் என்பதால், நிற்காமல் சுற்றிவரும்.

அந்தக் கண்ணாடி என்பதும் பெரும்பாலும் கண்ணாடி அன்று, அக்ரிலிக் என்னும் தெளிந்த நெகிழிப் பலகைதான். ஜப்பானின் ஓகினாவாவில் 2002-இல் திறக்கப்பட்ட சுராவுமி காட்சியகத்தின் பெருந்தொட்டியில் அந்தப் பலகை 8.2 மீட்டர் உயரமும் 22.5 மீட்டர் அகலமும் கொண்டது. 10 மீட்டர் ஆழமுள்ள நீரின் அழுத்தத்தைத் தாங்குவதற்காக அதன் கனம் 60 சென்டிமீட்டராக அமைக்கப்பட்டிருக்கிறது. அங்கு திமிங்கலச் சுறா இரை உண்ணும்போது செங்குத்தாக நின்று நீரோடு சேர்த்து விழுங்குவதைக் காண முடியும். எனவே, எந்தக் காட்சியகத்துக்குப் போனாலும், உணவளிக்கும் நேரத்தை நுழைவாயிலிலேயே கேட்டறிந்து, அதைச் சுற்றியே நாளைத் திட்டமிடுங்கள்.

தாயார் மறுத்தாலும் சக்கர நாற்காலி கிடைக்குமா என்று விசாரித்து வையுங்கள். இருட்டான கூடங்களில் நடப்பது பகல் வெளிச்சத்தில் நடப்பதைவிடக் கூடுதலாகக் களைப்பூட்டும்.

கேள்வி: இத்தகைய காட்சியகங்களைக் கடலை ஒட்டியே கட்டுவது அழகுக்காகத்தானா?

பதில்: அழகும் உண்டு, ஆனால் தண்ணீர்தான் பெரிய காரணம். உள்நாட்டு நகரங்களில் உப்பைக் கலந்து கடல்நீரைச் செயற்கையாக உண்டாக்க வேண்டியிருக்க, கரையில் இருப்பவை குழாய் வழியே கடலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், பழைய மத்தி மீன் பதப்படுத்தும் ஆலை இருந்த இடத்தில் 1984-இல் திறக்கப்பட்ட மான்டரே விரிகுடாக் காட்சியகத்தில், பார்வையாளர் வரும் பகல் வேளையில் வடிகட்டிய தெளிந்த நீரும், இரவில் வடிகட்டாத கடல்நீரும் தொட்டிகளுக்குள் விடப்படுகின்றன. அந்த இரவு நீரோடு நுண்ணுயிர்களும், கடல் உயிர்களின் இளம்பருவமான லார்வாக்களும் உள்ளே வந்து, சில உயிர்களுக்கு இரையாகின்றன, சில பாறைகளில் ஒட்டி வளர்கின்றன. யாரும் கொண்டுவந்து வைக்காத உயிர்கள் ஒரு தொட்டியில் தாமாகக் குடியேறுவதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடுகிறது.

கேள்வி: தொட்டுப் பார்க்கும் தொட்டியில் குழந்தைகளை விடலாமா? உயிர்களுக்குத் துன்பம் இல்லையா?

பதில்: முறையாகத் தொட்டால் விடலாம். கைகளில் களிம்போ கிருமிநாசினியோ இருந்தால் முதலில் வெறும் நீரில் நன்றாகக் கழுவி, ஈரக் கையின் இரண்டு விரல்களால் மெல்லத் தடவச் சொல்லுங்கள். முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். மற்றத் தொட்டிகளில் கண்ணாடியைத் தட்டவே கூடாது. நீரில் ஒலி காற்றில் செல்வதைவிட நான்கு மடங்குக்கும் மேல் விரைந்து செல்லும்; மீன்களோ உடலின் பக்கவாட்டுக் கோட்டினாலேயே நீரின் சிறு அசைவையும் உணர்பவை.

நட்சத்திர மீனை நீரிலிருந்து தூக்குவதை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். அதன் அடிப்புறத்தில் வரிசை வரிசையாக உள்ள சிறு குழாய்க்கால்களால் பாறையை இறுகப் பற்றியிருக்கும். வெடுக்கென்று பிடுங்கினால் அவற்றில் பல அறுந்துபோகும். அந்தக் கால்களைப் பார்க்க மகள் ஆசைப்பட்டால், பக்கத்தில் ஏதேனும் ஒரு தொட்டியின் கண்ணாடிமேல் ஏறி ஒட்டியிருக்கும் நட்சத்திர மீனைத் தேடிக் காட்டுங்கள். கால்கள் ஒவ்வொன்றாக நீண்டு, ஒட்டி, விடுபட்டு நகர்வதையும், நடுவே சிறிதாக இருக்கும் வாயையும், அதைத் தொடாமலே அவள் பார்த்துவிடலாம்.