ஆயர் தாவாரிலிருந்து பங்கோர் தீவிலுள்ள மாமாவுக்குப் படகு பெயின்ட், தின்னர், ஹார்ட்னர் கூரியரில் அனுப்பலாமா?

கூரியர் கடையில் மறுத்துவிட்டார்கள் என்கிறீர்கள். அவர்கள் செய்தது சரிதான். பெயின்டும் தின்னரும், ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. எண் 1263-இல் வரும் தீப்பற்றும் திரவங்கள். என்னைக் கேட்டால், தின்னரைவிட அதிகம் பயப்பட வேண்டியது ஃபைபர் ரெசினோடு தரும் அந்தச் சின்னப் புட்டி ஹார்ட்னருக்குத்தான். அது ஆர்கானிக் பெராக்சைடு, ஆபத்தான சரக்குப் பட்டியலில் அதன் வகுப்பே வேறு, 5.2. ரெசினைச் சீக்கிரம் இறுகவைக்கச் சேர்க்கும் கோபால்ட் ஆக்சிலரேட்டரோடு நேரடியாகக் கலந்தால் வெடிக்கக்கூடும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைக்கவே வேண்டாம். வெயிலில் நிற்கும் காரிலும் விடாதீர்கள். பயணிகள் பெர்ரியில் பைக்குள் ஒளித்துக் கொண்டுபோகும் யோசனை, சரி, அதைப் பேசவே வேண்டாம். பங்கோருக்குப் படகு புறப்படும் லுமுட்டில், சரக்குப் படகுக்காரரிடம் அந்தப் பொருள்களின் ஆபத்துகளைச் சொல்லும் பாதுகாப்புத் தாளை (SDS) காட்டிக் கேளுங்கள். டின்கள் சீல் உடையாமல், நிமிர்ந்தபடி இருக்கட்டும். அப்புறம், பங்கோர் மீன்பிடித் தீவு. தின்னர் அங்கேயே கிடைக்கிறதா என்று மாமாவை முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள்.