எஞ்சிய கணினிக் கோப்புறைகளை நீக்கலாமா?

கேள்வி: விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு சி டிரைவில் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற கோப்புறை பெருமளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. நீக்கிவிடலாமா, ஐயா?

பதில்: நீக்கலாம். பழைய அமைப்புக்குத் திரும்ப விரும்புவோருக்காக வைக்கப்பட்ட அது, வழக்கமாக 10 நாட்களில் தானாகவே போய்விடும். அதற்கு முன்பே இடம் தேவைப்பட்டால், உங்கள் ஆவணங்களும் படங்களும் புதிய அமைப்புக்கு வந்து சேர்ந்துவிட்டனவா என்று திறந்து பார்த்துவிட்டு, செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் பகுதியிலுள்ள தற்காலிகக் கோப்புகளின் பட்டியல் வழியாக நீக்குங்கள்.

கேள்வி: ‘ஐநெட்பப்’ என்ற வெற்றுக் கோப்புறை திடீரென முளைத்தது. நான் வெப் சர்வர் எதையும் நிறுவியதில்லை. காலியாகத்தானே இருக்கிறது என்று அழித்துவிட்டேன்.

பதில்: காலியாக இருப்பதால் பயனற்றது என்று கருதிவிட வேண்டாம். 2025 ஏப்ரல் பாதுகாப்புப் புதுப்பிப்பு, ஒரு பலவீனத்தை அடைப்பதற்காகவே அந்தக் கோப்புறையை உருவாக்கியது. அதை நீக்க வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட்டும் அறிவித்தது. அதே பெயரில் நீங்களே ஒன்றை உருவாக்கினால் உரிய அனுமதிகள் அதற்கு அமையாது. ஆகவே கன்ட்ரோல் பேனலின் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பகுதியில், விண்டோஸுடன் வரும் வெப் சர்வர் மென்பொருளான ஐஐஎஸ்ஸை இயக்குங்கள். கோப்புறை மீண்டும் வந்ததும் ஐஐஎஸ்ஸை அணைத்துவிடலாம்.

கேள்வி: விண்டோஸுக்குள் இருக்கும் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ கோப்புறை பல ஜிபி காட்டுகிறது. பழைய பதிப்புகளை மட்டும் கையால் அழிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. விண்டோஸின் உறுப்புகள் அனைத்தும் அங்கேதான் சேமிக்கப்படுகின்றன; சிஸ்டம் 32 கோப்புறையில் நீங்கள் காணும் பல கோப்புகள் ஹார்ட் லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்) மூலம் அங்குள்ள அதே கோப்புகளையே சுட்டுவதால், ஒரே கோப்பு இரண்டு இடங்களிலும் கணக்கில் ஏறி, உண்மையைவிடப் பெரிய அளவு தெரிகிறது. கை வைத்தால் கணினி தொடங்காமலே போகலாம். எந்தப் பதிப்பு இன்னும் தேவைப்படுகிறது என்பது விண்டோஸுக்குத்தான் தெரியும் என்பதால், டிஸ்க் கிளீனப்பில் உள்ள விண்டோஸ் அப்டேட் கிளீனப் மூலமே குறையுங்கள்.

கேள்வி: விண்டோஸுக்குள் இருக்கும் ‘இன்ஸ்டாலர்’ கோப்புறை?

பதில்: தொடாதீர்கள். அங்குள்ள கோப்புகள் இல்லாவிட்டால், அவற்றைச் சார்ந்த மென்பொருள்களைப் புதுப்பிக்கவோ, சரிசெய்யவோ, நீக்கவோ முடியாமல் போகும்.

கேள்வி: வெளி ஹார்ட் டிஸ்க்கில் எண்ணும் எழுத்துமாக நீண்ட பெயர் கொண்ட கோப்புறைகள் கிடக்கின்றனவே?

பதில்: மென்பொருளை நிறுவும் சில நிரல்கள், இடம் அதிகமுள்ள டிரைவில் தங்கள் கோப்புகளை விரித்துவைத்துவிட்டு அழிக்க மறந்த மிச்சங்களாக அவை இருக்கலாம். கணினியை மறுதொடக்கம் செய்து, உள்ளே உங்கள் கோப்பு எதுவும் இல்லை என்று பார்த்த பின், முதலில் பெயரை மட்டும் மாற்றிவையுங்கள். சில வாரங்கள் எந்தப் பிழையும் எழவில்லையென்றால் நீக்கிவிடலாம்.