நெட்டையாக வளர்ந்த பயிர் ஏன் அழுகியது?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் வயல். சம்பாவுக்கு ஒரு வயலில் சி.ஆர். 1009 நெல், அடுத்ததில் அதிலேயே வெள்ளம் தாங்கும் ரகமான சி.ஆர். 1009 சப்-1 நட்டோம். நட்ட ஒரு மாதத்தில் இரண்டும் ஒன்பது நாள் மூழ்கிக் கிடந்தன. தண்ணீருக்குள் நன்றாக உயர்ந்த முதல் வயல், வடிந்ததும் சாய்ந்து அழுகிவிட்டது. குட்டையாகக் கிடந்த சப்-1 துளிர்க்கிறது. எப்படி? இனி என்ன உரம் போடுவது?

பதில்: உயர்ந்ததுதான் வினை. மூழ்கிய பயிரில் எத்திலீன் வாயு வெளியேற முடியாமல் உள்ளேயே தேங்கும். அது வளர்ச்சியை அடக்கும் அப்சிசிக் அமிலத்தைக் குறைக்க, வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்ரலினின் கை ஓங்கி இலையும் தண்டும் நீளும். இருந்த மாவுச்சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்துவிடும். வடிந்தபின் நிமிர்ந்து நிற்கத் தெம்பிருக்காது.

சப்-1 ரகத்தைக் காப்பாற்றும் சப்-1ஏ மரபணு ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ நெல்லிலிருந்து வந்தது. 2006இல் அடையாளம் கண்டார்கள். அதே எத்திலீன்தான் இதைத் தூண்டுகிறது. ஆனால் இது ஜிப்ரலினைத் தடுக்கும் புரதங்களைக் கூட்டி வளர்ச்சியை நிறுத்திவைக்கும். சில ரகங்களில் இந்த மரபணுவே கிடையாது. சிலவற்றில் இருந்தும் பயனில்லை: புரதத்தின் 186ஆம் இடத்தில் செரின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் புரோலின் வருகிறது, மூழ்கும்போது அந்தப் புரதம் உருவாகும் அளவும் குறைவு. மாதக்கணக்கில் வெள்ளம் நிற்கும் ஆழ்நீர் நெல்லிலோ கதை நேர்மாறு. அங்கே நீண்டால்தான் மூச்சு.

சப்-1 தாங்குவது சுமார் இரண்டு வாரம், அதுவும் வளர்ச்சிப் பருவத்தில். கலங்கல் தண்ணீர் என்றால் இன்னும் குறையும். முழங்காலளவு தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கினாலோ, பூக்கும் நேரத்தில் மூழ்கினாலோ இதை நம்பாதீர்கள்.

உரத்துக்கு அவசரம் வேண்டாம். நாலைந்து தூரைப் பிடுங்கி அடித்தண்டை நெடுக்காகக் கீறிப் பாருங்கள். குருத்து வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பேறி நாறினால் போனதுதான். தண்ணீரை நன்றாக வடித்து, புதுக்குருத்து விட்டபின் ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஓர் இரவு வைத்து, மறுநாள் பொட்டாஷ் 17 கிலோ சேர்த்துப் போடுங்கள். இலை வெளுத்திருந்தால் 200 லிட்டர் தண்ணீரில் ஜிங்க் சல்பேட் 1 கிலோ, யூரியா 2 கிலோ கரைத்துத் தெளிக்கலாம்.

சப்-1 நெல்லை விதைக்கு எடுக்கலாம், குணம் மாறாது. அறுவடை இயந்திரத்தை மட்டும் முதலில் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அதில் ஒட்டியிருக்கும் சாதாரண சி.ஆர். 1009 நெல் இதில் கலந்துவிட்டால், அடுத்த வெள்ளம் வரும்வரை கண்ணால் பிரிக்க முடியாது.