லிவர் நியூட்ரல்ல நிக்குது, வண்டி மட்டும் நகருதுங்க!

கேள்வி: ஏனுங்க, எங்க தோட்டத்துல ரெண்டு லிவர் வெச்ச பழைய டிராக்டர் ஒண்ணு இருக்குதுங்க, முன்னால போக 6 கியரு, ரிவர்ஸ் 2. கியர் லிவர் லொடலொடன்னு ஆடுதுன்னு நானும் பையனும் மூடியோட கழட்டி ஸ்பிரிங்கும் ரப்பரும் புதுசு போட்டு மாட்டுனோம். இப்ப லிவர் நியூட்ரல்ல இருக்கறப்பவே கிளட்ச விட்டா வண்டி கெளம்பிருது, வேற கியர் ஒண்ணும் விழ மாட்டேங்குது. பாக்ஸ இறக்கித்தான் பாக்கோணும்னு சொல்றாங்க. மஞ்சளுக்குப் பார் போடற நேரம், ஒரே வெசனமா இருக்குதுங்க.
- வாசகர், சிவகிரி

பதில்: வெசனப்படாதீங்க, நீங்க சொல்றத வெச்சுப் பாத்தா பாக்ஸ இறக்கற வேலை பெரும்பாலும் இல்லீங்க. ஆனா சரி பண்ற வரைக்கும் அந்த வண்டிய யாரும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம், அதுலயும் கீழ நின்னு ஸ்க்ரூ டிரைவர செல்ஃப்ல வெச்சு எடுக்கற பழக்கம் இருந்தா இன்னைக்கே விட்ருங்க, கியர்ல நிக்கற வண்டி நின்னவன் மேலயே ஏறிரும்.

நடந்தது என்னன்னா, லிவரத் தூக்கறப்ப உள்ள ஒரு ஃபோர்க் (கியரத் தள்ளற கவை) கியர்லயே நின்னிருக்குது, இல்லீனா வேலைல தெரியாம நகந்திருக்குது. மறுபடி மாட்டறப்ப லிவரோட நுனி, பக்கத்து ஃபோர்க்கு மாட்டியிருக்கற ராடோட காடியில போய் உக்காந்துருச்சு. ஒரு ராடு கியர்ல இருந்தா இன்னொரு ராடு அசையக் கூடாதுன்னு நடுவுல ஒரு பூட்டு பின் இருக்குது, அது அதோட வேலையச் சரியாத்தான் செய்யுது, அதனாலதான் மத்த கியர் விழல. பழைய மாஸி ஃபெர்குசன் 35 டிராக்டர்ல ரெண்டாவது லிவர்ல, அதாவது ரேஞ்ச் லிவர்ல, ஹை, லோ ரெண்டுக்கும் நடுவுல ஸ்டார்ட்னு ஒரு இடம் இருக்கும், அங்க வெச்சாத்தான் செல்ஃப் எடுக்கும், அப்ப வீலுக்கு ஓட்டமும் போகாது. உங்க வண்டியும் அந்த மாதிரின்னா ஸ்டார்ட் பண்றப்ப எல்லாம் நல்லாத் தெரியும், லோவுக்குத் தள்ளுனதுக்கு அப்புறம்தான் கோளாறு வெளிய வரும்.

சமதளத்துல நிறுத்தி, முன்னயும் பின்னயும் கல்லு வெச்சு, பேட்டரி நெகட்டிவக் கழட்டிருங்க. மூடியச் சுத்தி டீசல்ல தேச்சுக் கழுவிட்டுத்தான் போல்ட்ல கை வெக்கோணும், மண்ணு ஒரு சிட்டிகை உள்ள விழுந்தாலும் பேரிங்குக்கு ஆகாது. லிவரத் தூக்கிட்டு டார்ச் அடிச்சுப் பாருங்க, ராடுக மேல இருக்கற காடிக எல்லாம் ஒரே நேர்கோட்டுல நிக்கோணும். எது முன்னயோ பின்னயோ தள்ளி நிக்குதோ அதுதான் ஆளு. பெரிய ஸ்க்ரூ டிரைவர்ல மெதுவா நெம்புங்க, ராட நிறுத்திப் புடிக்கற ஸ்பிரிங் குண்டு பள்ளத்துல விழறப்ப டக்குன்னு கைக்கே தெரியும். வரலைன்னா சுத்தியல் எடுக்காதீங்க, ஒருத்தரு கல்லக் கொஞ்சம் தளத்தி வண்டிய லேசா முன்ன பின்ன ஆட்டுனாப் போதும், பல்லு இளகிரும்.

அப்புறம் லிவர நேரா இறக்குங்க. மூடி கையாலயே படிஞ்சு உக்காரோணும், உக்காரலைன்னா நுனி காடிக்குள்ள போகலைன்னு அர்த்தம், போல்ட்டப் போட்டு இறுக்கி இழுத்தீங்கன்னா வார்ப்பு இரும்புக் காது பொளந்துரும் (இதைத்தான் நான் பட்டறையில நெறைய பாத்திருக்கறேன்). கேஸ்கெட் பேப்பர்தான் நல்லது. சிலிக்கான அப்பி வெச்சா உள்பக்கம் பிதுங்கறது எண்ணெயில விழுந்துரும், அந்தக் கால மாஸில கியர் எண்ணெயும் லிஃப்ட் எண்ணெயும் ஒண்ணுதான், துண்டு நேரா பம்பு சல்லடைக்குத்தான் போகும். ஸ்பிரிங்கு, குண்டு ஏதாச்சும் கணக்குக் கொறஞ்சா காந்தம் விட்டு எடுக்காம மூடாதீங்க.

எஞ்சின் போடாம ஒவ்வொரு கியரா போட்டுப் பாத்து, கடைசில நியூட்ரல்ல வெச்சுட்டு, ரேஞ்ச் லிவர லோவுல தள்ளி, வண்டிய ரெண்டு பேர் தள்ளிப் பாருங்க. லேசா உருண்டா பேட்டரிய மாட்டிக்கலாம். உழவுல இழுக்கறப்ப கியர் தானா துள்ளி வெளிய வந்தா மட்டும் குண்டு ஸ்பிரிங் தளந்திருக்குது, இல்ல ஃபோர்க் தேஞ்சிருக்குது, அதுக்குப் பிரிக்கத்தான் வேணுமுங்க, அது வரைக்கும் டிரெய்லர் மட்டும் மாட்டாதீங்க.