சிங்கம் பார்க்கப் போக டாப்-அப் லோன் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 42 வயது. கோவையில் தனியார் கம்பெனியில் வேலை. மனைவி பள்ளி ஆசிரியை. இருவர் சம்பளமும் சேர்த்து மாதம் 1 லட்சத்து 15 ஆயிரம் கைக்கு வருகிறது. மகளுக்கு 11, மகனுக்கு 9. கல்யாணமான புதிதில் வண்டலூருக்குப் போய், சிங்கம் பார்க்கும் வண்டிக்கு இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றோம். கடைசியில் ஒரு சிங்கம்கூடக் கண்ணில் படவில்லை. "ஒருநாள் ஆப்பிரிக்காவுக்கே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்" என்று அன்று மனைவியிடம் சொன்னேன். வரும் ஆகஸ்டில் 15-வது கல்யாண நாள். கென்யாவில் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் மூன்று இரவு, அப்புறம் டியானி கடற்கரை நான்கு இரவு. நான்கு பேருக்கு 6.3 லட்சம் என்று டூர் கம்பெனி கொட்டேஷன் கொடுத்திருக்கிறது. ஏற்கெனவே உள்ள பர்சனல் லோனில் 3.7 லட்சம் பாக்கி. வங்கி அதை 10 லட்சமாக டாப்-அப் செய்து தருகிறது, 14% வட்டி, ஐந்து வருஷம். மாதத் தவணை 11,600-லிருந்து 23,300 ஆகும், சமாளித்துவிடலாம். ஒரே லோன்தான் சார், வேறு கடன் கிடையாது. மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை, திடீரென்று டிக்கெட்டை நீட்டலாம் என்று இருக்கிறேன். ஆனாலும் ராத்திரி தூக்கம் வரவில்லை. எடுக்கலாமா?

பதில்: "ஒரே லோன்தான் சார்" என்ற வரியை மூன்று தடவை திரும்பிப் படித்தேன். டேர்ம் இன்சூரன்ஸ் இருக்கிறது, மருத்துவக் காப்பீடு இருக்கிறது, மனைவி பெயரில் 2 லட்சம் எஃப்.டி. இருக்கிறது என்றெல்லாம் கூடவே எழுதியிருக்கிறீர்கள், அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அந்த ஒரு வரிதான்.

நீங்கள் அனுப்பிய லோன் ஸ்டேட்மென்ட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 2021-இல் அப்பாவின் ஆபரேஷனுக்கு 3 லட்சம் வாங்கினீர்கள், தவணை கிட்டத்தட்ட 7,000. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, யாராக இருந்தாலும் வாங்கித்தான் இருப்பார்கள். ஒன்றரை வருஷம் கட்டி 2.3 லட்சத்துக்கு இறக்கினீர்கள். அப்போது அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு வந்தது, தாய்மாமன் சீர் செய்ய வேண்டும், வங்கியிலிருந்து போனும் வந்தது. 4 லட்சமாக டாப்-அப் ஆனது, தவணை 9,300. இருபது மாதம் கட்டி மறுபடி 3 லட்சத்துக்குப் பக்கம் இறங்கியதும் அக்கா வீட்டுக்காரருக்குக் கைமாத்தாக 1 லட்சம், உங்களுக்கு ஒரு பைக், 5 லட்சமாக டாப்-அப், தவணை 11,600. இப்போது அது 3.7 லட்சத்துக்கு வந்திருக்கிறது, மறுபடி போன் வந்திருக்கிறது.

கணக்கைக் கொஞ்சம் முழுமையாக்கிச் சொல்கிறேன். மூன்று தடவையும் சேர்த்து உங்கள் கைக்கு வந்த பணம் 6.7 லட்சம். இதுவரை நீங்கள் கட்டிய தவணைகள் சுமார் 5.45 லட்சம். இன்னும் 3.7 லட்சம் பாக்கி. அதாவது 2.4 லட்சத்துக்கு மேல் வட்டியாகவே போயிருக்கிறது, ஒவ்வொரு தடவையும் பிடித்த பிராசஸிங் கட்டணம் தனி. நேரே கட்டியிருந்தால் 2021-இல் வாங்கிய கடன் இந்த ஆடிக்குள் தீர்ந்திருக்கும்.

டாப்-அப் ஏன் இப்படி உறிஞ்சுகிறது என்றால், ஆரம்ப மாதங்களில் தவணையில் பாதிக்குப் பக்கம் வட்டிக்கே போகும், அசல் மெதுவாகத்தான் கரையும். 5 லட்சத்துக்கு நீங்கள் கட்டிய முதல் 11,600-இல் 5,800 வட்டி, சரிபாதி. வருஷம் போகப் போக அசல் வேகமாகக் குறைய ஆரம்பிக்கும், சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் வங்கி கூப்பிடுகிறது, நீங்களும் அறுபது மாதத்துக்கு மறுபடி கையெழுத்துப் போட்டு முதல் படிக்கே திரும்பிவிடுகிறீர்கள். இந்தப் புதிய 10 லட்சத்தில் முதல் மாத வட்டி மட்டும் 11,700. நீங்கள் இப்போது கட்டும் முழுத் தவணையையும்விட அதிகம். அறுபது மாதத்தில் கட்டப்போவது கிட்டத்தட்ட 14 லட்சம். அதில் பயணத்துக்கான 6.3 லட்சத்துக்கு மட்டும் வட்டி 2.5 லட்சம். அதனால் எடுக்க வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இன்னொன்று, கொட்டேஷனின் இரண்டாம் பக்கத்தை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். கீழே சின்ன எழுத்தில் 'பூங்கா நுழைவுக் கட்டணம் தவிர' என்று இருக்கிறது. மசாய் மாராவில் வெளிநாட்டுப் பயணிக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு நாளைக்கு 200 டாலர், 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு 50 டாலர். மூன்று நாள், இரண்டு பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள் என்றால் 1,500 டாலர். டாலரை 90 ரூபாய் என்று வைத்தால் 1 லட்சத்து 35 ஆயிரம். ஆக 6.3 என்று நினைத்தது 7.65 லட்சம். அந்தக் கூடுதல் பணத்துக்கு நைரோபியில் நின்றுகொண்டு கிரெடிட் கார்டைத்தான் நீட்டியிருப்பீர்கள், அது மாதத்துக்கு மூன்று மூன்றரை சதவீத வட்டி, அந்நியச் செலாவணிக் கட்டணம் வேறு. டூர் பேக்கேஜாக எடுத்தால் டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரியாக ஒரு தொகையும் பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் காட்டி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் முதலில் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும்.

'இப்போது போங்கள், அப்புறம் கட்டுங்கள்' என்று அந்த டூர் கம்பெனி நீட்டிய வட்டியில்லாத் தவணைத் திட்டத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மொத்தமாகக் கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று அவர்களிடமே கேட்டுப் பாருங்கள், வட்டி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்த மாதிரித் திட்டங்கள் எத்தனை வீடுகளில் தூக்கத்தைக் கெடுத்திருக்கின்றன என்று பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

சரி, சிங்கம் பார்க்கவே வேண்டாமா? கட்டாயம் பாருங்கள். மனைவிக்குக் கொடுத்த வாக்கு அது, நீங்களும் பதினைந்து வருஷமாக மறக்கவில்லை. ஆனால் ஆகஸ்ட் வேண்டாம். ஆகஸ்டில் எல்லோரும் போவது வில்டபீஸ்ட் என்ற மான் இன விலங்குகள் கூட்டம் கூட்டமாக மாரா ஆற்றைக் கடப்பதைப் பார்க்க. அதற்காகத்தான் விலையும் உச்சத்தில் இருக்கிறது. உங்களுக்கு வேண்டியது சிங்கம், அது வருஷம் முழுக்க மாராவில்தான் இருக்கிறது. ஜனவரி முதல் ஜூன் வரை நுழைவுக் கட்டணம் 100 டாலர்தான், உங்கள் நான்கு பேருக்கு 54,000 ரூபாய் மிச்சம். நம் பள்ளிகளின் கோடை விடுமுறையில் போனால் கென்யாவில் பெருமழைக் காலம், வண்டி சேற்றில் நிற்கும், கடற்கரையிலும் அறைக்குள்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். டிசம்பரில் கட்டணம் மறுபடி 200. பொங்கல் விடுமுறை கச்சிதமாகப் பொருந்துகிறது, முன்னும் பின்னும் நாலைந்து நாள் லீவு போட்டால் போதும். ஜனவரியில் அங்கே வெயில், காய்ந்த புல், டியானியில் தெளிந்த கடல்.

நானே போட்டுப் பார்த்த உத்தேசக் கணக்கு இது. விமானம் மும்பை வழியாகவோ ஷார்ஜா வழியாகவோ தலைக்கு 48,000 என்று 1.92 லட்சம். நைரோபியிலிருந்து டிரைவரோடு வேன் நாலு நாள், மாராவின் நுழைவாயிலுக்கு வெளியே இருக்கும் நடுத்தரக் கூடாரத் தங்கலில் சாப்பாட்டோடு மூன்று இரவு, நுழைவுக் கட்டணம் 900 டாலர், எல்லாம் சேர்த்து 2.2 லட்சம். அங்கிருந்து டியானிக்குக் குட்டி விமானம் போட்டிருக்கிறார்கள் உங்கள் கொட்டேஷனில், அதை அடித்துவிடுங்கள். நைரோபிக்குத் திரும்பி மொம்பாசா ரயிலைப் பிடியுங்கள். 2017-இல் ஓட ஆரம்பித்த ரயில் அது, சாதாரண வகுப்பு 1,500 ஷில்லிங், நான்கு பேருக்கும் நம் பணத்தில் 4,200 ரூபாய்தான் ஆகும். அதோடு ரயில் சாவோ வனவிலங்குப் பூங்காவுக்குள்ளேயே போகிறது, ஜன்னலோரம் உட்கார்ந்த பிள்ளைகளுக்குச் செம்மண் பூசிய யானைகள் தெரியலாம். மொம்பாசாவில் இறங்கி லிகோனி படகுத்துறையைக் கடந்தால் டியானி. கடற்கரையில் சமையலறையோடு ஒரு வீடு எடுத்து நான்கு இரவு, சாப்பாட்டோடு 47,000. விசாவுக்குப் பதிலாக இப்போது இணையத்தில் வாங்கும் பயண அனுமதி, டிப்ஸ், மற்ற சில்லறைச் செலவு 40,000. மொத்தம் 5 லட்சம்.

இதுவும் அதிகம் என்று தோன்றினால் மாராவை விட்டுவிட்டு, டியானியிலிருந்தே இரண்டு இரவு சாவோ போய் வரலாம். நுழைவுக் கட்டணமும் குறைவு, வேன் செலவும் பாதி, 1 லட்சம் வரை மிச்சமாகும். 1898-இல் ரயில் பாதை போட வந்த இந்தியத் தொழிலாளர்களை இரண்டு சிங்கங்கள் அடித்துத் தின்றது அந்தச் சாவோவில்தான். அங்கே ஆண் சிங்கங்களில் பலவற்றுக்குப் பிடரி மயிர் இருக்காது. உங்கள் மகனுக்கு இந்தக் கதை ஒன்று போதும் என்று நினைக்கிறேன், ஆனால் திறந்த புல்வெளியில் சிங்கம் சுலபமாகக் கண்ணில் படுவது மாராவில்தான், அதனால் வண்டலூர் ஏமாற்றத்தை மனதில் வைத்து நான் மாராவுக்கே ஓட்டுப் போடுவேன்.

பணத்துக்கு வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மாதம் 23,300 சமாளிக்க முடியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சரி, அந்த 23,300-ஐ இந்த மாதத்திலிருந்தே எடுத்து வையுங்கள், டாப்-அப் இல்லாமல். 11,600 வழக்கம்போல் தவணைக்கு, மீதி 11,700 அசலைக் குறைக்க. பர்சனல் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி என்பதால் முன்கூட்டிக் கட்டக் கட்டணம் இருக்கலாம். வருஷத்துக்கு எத்தனை தடவை பகுதிப் பணம் கட்டலாம், என்ன கட்டணம் என்று சாங்ஷன் கடிதத்தில் பாருங்கள். மாதாமாதம் முடியாதென்றால் சேர்த்துவைத்து ஒரே தடவையாகக் கட்டுங்கள். கட்டும்போது மாதத் தவணையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தீபாவளி போனஸ் 80,000 வருகிறது என்றீர்கள், அதையும் போட்டால் பதினான்கு பதினைந்து மாதத்தில் கடன் சுத்தமாகத் தீர்ந்துவிடும். அதன்பின் அதே 23,300 ஆர்.டி.க்கு. அடுத்த இரண்டு தீபாவளி போனஸும் சேர்ந்தால் இன்னொரு பதினைந்து மாதத்தில் 5 லட்சம் வந்துவிடும், ஆர்.டி. வட்டியை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆக இரண்டரை வருஷம். இன்றிலிருந்து மூன்றாவது பொங்கலுக்கு மாராவில் இருப்பீர்கள், கடன் ஒரு ரூபாய் இருக்காது. டாப்-அப் எடுத்துப் போனால் அறுபது மாதம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மகளும் அப்போது எட்டாம் வகுப்புதான், பொதுத்தேர்வுத் தொல்லையும் இல்லை.

இந்தப் பணத்தை வேகமாகப் பெருக்க ஏதோ ஒரு புதுத் துறை சார்ந்த மியூச்சுவல் ஃபண்டை நண்பர் சொன்னாராம். ஒன்றேகால் வருஷத்தில் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தையில் போட வேண்டாம், டிக்கெட் எடுக்கும் மாதத்தில் சந்தை சரிந்திருந்தால் மறுபடி அந்த வங்கி போனைத்தான் எடுப்பீர்கள்.

அக்கா வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். கைமாத்தாக அவர் வாங்கியது 1 லட்சம், ஆனால் அது உங்கள் ஐந்து வருஷக் கடனுக்குள் இருப்பதால் நீங்கள் கட்டுவது 1.4 லட்சம். அவருக்கு இது தெரிந்திருக்காது, நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். கோபமில்லாமல் ஒருநாள் நேரில் போய், "மாதம் 3,000 வீதம் கொடுங்கள், லோன் ஓடிக்கொண்டிருக்கிறது" என்று கேளுங்கள். வந்தால் அது அப்படியே அசலுக்கு. மருமகளுக்கு இரண்டு மூன்று வருஷத்தில் கல்யாணம் வரும், தாய்மாமன் சீர் மறுபடி வரும். செய்யாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் உரிமையும்கூட. ஆனால் எவ்வளவு முடியும் என்று இப்போதே ஒரு தொகையை நீங்களும் மனைவியும் பேசி முடிவு செய்து, மாதம் 2,000 தனியாகப் போட்டு வாருங்கள், அந்தத் தொகையை அக்காவிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். பவுன் விற்கிற விலையில் மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு பேசினால் உங்களால் மறுக்கவே முடியாது.

இதையெல்லாம் செய்வதற்கு முன் மனைவியிடம் ஸ்டேட்மென்ட்டைக் காட்டிவிடுங்கள். ஆசிரியை அவர், கூட்டல் கழித்தல் உங்களைவிட நன்றாகவே வரும். டிக்கெட்டைத் திடீரென்று நீட்டினால் அன்று ஒருநாள் மகிழ்ச்சியாக இருப்பார், அடுத்த மாதம் தவணைச் செய்தி போனில் வரும்போது என்ன கேட்பார் என்று உங்களுக்கே தெரியும். இரண்டரை வருஷம் அவரும் சேர்ந்து திட்டமிட்டால் செலவில் நாலைந்து ஆயிரம் தானாகக் குறையும். நாளை வங்கிக்குப் போன் செய்து, டாப்-அப் அழைப்புகளே வேண்டாம் என்று உங்கள் எண்ணை நீக்கச் சொல்லுங்கள்.

பயணத்துக்கு முன் ஒரு வேலை. கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னை கிண்டியில் உள்ள கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், ஆனால் குறிப்பிட்ட நாட்களில்தான். டிசம்பர் முதல் வாரத்திலேயே நான்கு பேரும் போய்ப் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.