14 குண்டா பார்க்கும் சங்கம் போட்ட தகர ஷெட்டும்

கேள்வி: பெங்களூரு ஹோரமாவு பக்கம் எங்கள் லேஅவுட். 3 ஏக்கர் 20 குண்டா (40 குண்டா ஒரு ஏக்கர்), 62 மனைகள். 2009-ல் வாங்கும்போது நடுவில் 14 குண்டா பார்க் என்று படத்தில் காட்டினார்கள். அன்றிலிருந்து பிள்ளைகள் அங்கேதான் விளையாடுகிறார்கள். அங்குள்ள வேப்பமரமும் நாங்கள் வைத்ததுதான். போன மாதம் பழைய நில உரிமையாளரின் மகன் கம்பிவேலி போட்டு, காத்தா (சொத்து வரிப் பதிவு) தன் பெயரில் இருக்கிறது என்கிறார். கேட்டதற்கு, வெளியூர்க்காரர்களுக்கு இங்கே என்ன உரிமை என்று கத்தினார். போலீஸ் சிவில் விவகாரம் என்று அனுப்பிவிட்டது. இப்போது, 5 குண்டா விட்டுத் தருகிறேன், சங்கம் கையெழுத்துப் போடட்டும் என்று தூது விடுகிறார். பார்க்கின் மூலையில் சங்கத்தின் தகர ஷெட்டும் சின்னதாக ஒரு பிள்ளையார் கோயிலும் இருக்கின்றன. உடனே ஸ்டே வாங்க முடியுமா?

பதில்: அவர் கத்தியதையும், போலீஸ் கைகழுவியதையும், நீங்கள் வைத்த வேப்பமரத்தையும் ஒதுக்கி வையுங்கள். குறிப்பாக, மொழி, ஊர் பற்றி ஒரு வரிகூட மனுவில் வரக்கூடாது. கோர்ட் பார்க்கப்போவது ஒன்றைத்தான்: அந்த 14 குண்டா எந்தப் படத்தில் பார்க்? மனை விற்கக் காட்டிய படத்திலா, பி.டி.ஏ. (பெங்களூரு வளர்ச்சி ஆணையம்) சீல் போட்ட அங்கீகார வரைபடத்திலா?

அங்கீகார வரைபடத்தின் சான்றிட்ட நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கூடவே வில்லங்கச் சான்று எடுங்கள். அதை உங்கள் மனை எண்ணுக்கு எடுத்தால் பயனில்லை. லேஅவுட் போடுவதற்கு முன்பிருந்த சர்வே எண்ணுக்கு எடுக்க வேண்டும். ரோட்டையும் பார்க்கையும் பி.டி.ஏ.விடம் விட்டுக்கொடுத்த ரிலிங்க்விஷ்மென்ட் பத்திரம் பதிவாகியிருந்தால் அங்கேதான் தெரியும். பத்திரம் பதிவாகாமல் போயிருந்தாலும் அவர் தப்ப முடியாது. லேஅவுட்டில் பொது இடமென்று ஒதுக்கியதை நிலத்துக்காரர் பொதுமக்களுக்காகவே வைத்திருக்கிறார் என்று, டெல்லி மாநகராட்சி வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காத்தா வரிக் கணக்கில் உள்ள பெயர்தான், அது உரிமைப் பத்திரமாகாது.

உங்கள் நிலையில் இருப்பவர்கள் வழுக்கி விழும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. சங்கம் அவசரமாகச் சிவில் கோர்ட்டுக்குப் போய், “15 வருடத்துக்கு மேலாக எங்கள் அனுபவத்தில் இருக்கிறது, அவர் நுழையக் கூடாது” என்று வெறும் தடையுத்தரவு வழக்குப் போடும். ‘எங்கள் அனுபவம்’ என்று எழுதியதுமே பொதுப் பூங்கா போய், சங்கத்துக்கும் அவருக்கும் இடையிலான சொத்துத் தகராறு வந்துவிடுகிறது. எதிர்த்தரப்பு உரிமையைக் கிளப்பும். உரிமையில் சந்தேகம் எழுந்தால் தடையுத்தரவு மட்டும் கேட்பது போதாது, உரிமை விளம்புகையும், அதாவது நிலம் யாருடையது என்று கோர்ட்டே அறிவிக்கும்படியும், கேட்க வேண்டும். சங்கத்துக்கு அந்த நிலத்தில் என்ன உரிமை? ஒன்றுமில்லை. வழக்கு தள்ளுபடியாகும். அந்தத் தீர்ப்பு நகலைத்தான் அவர் அடுத்து எல்லா அலுவலகத்திலும் நீட்டுவார்.

பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கை உங்கள் வக்கீலோடு உட்கார்ந்து படியுங்கள். ராஜமஹால் விலாஸ் பகுதியில் பார்க்குக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். பகுதிவாசிகள் எதிர்த்தார்கள், 1991-ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லி ஜெயிக்கவில்லை. திட்டத்தில் பார்க் என்றிருக்கிறது, அதை மாற்ற அதிகாரமில்லை என்றார்கள். காற்றுக்கும் விளையாட்டுக்கும் விட்ட இடம் நகரத் திட்டத்தில் மிச்சம் விழுந்த நிலமல்ல, மருத்துவமனையே வந்தாலும் அதற்கு ஈடாகாது என்பதே அந்தத் தீர்ப்பு. நீங்களும் ஹைகோர்ட்டில் ரிட் போட்டு, பார்க்கைத் தங்கள் வசம் எடுத்து வேலியை அகற்றும்படி பி.டி.ஏ.வுக்கும் மாநகராட்சிக்கும் உத்தரவு கேளுங்கள். 2025 செப்டம்பரில் மாநகராட்சி ஐந்தாகிவிட்டது. உங்கள் வார்டு எதில் வருகிறது என்று பார்த்து அதைச் சேருங்கள்.

ஆனால் அதற்கு முன் ஷெட்டை எடுங்கள். பொது இடத்தில் ஆக்கிரமிப்பு என்று முறையிடும் சங்கத்துக்கே அங்கே ஆக்கிரமிப்பு இருந்தால், எதிர்த்தரப்பின் முதல் போட்டோ அந்த ஷெட்தான். கோயிலும் அப்படியே. பார்க்கிலும் பொது இடத்திலும் அனுமதியில்லாமல் புதிதாக வழிபாட்டிடம் கட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 29.9.2009-ல் உத்தரவிட்டிருக்கிறது. அதற்குப் பின் கட்டியதென்றால் வாதிடவே வழியில்லை. முறைப்படி பாலாலயம் செய்து பிள்ளையாரை வேறிடத்துக்குக் கொண்டுபோங்கள். பார்க்கை ஒட்டிய மனைக்காரர்களிடமும் இப்போதே பேசிவிடுங்கள். சர்வேயர் கல் ஊன்றும்போது, பின்பக்கம் 3 அடி தள்ளிக் கட்டிய பாத்ரூம் சுவரும் பார்க்குக்குள் திறக்கும் கேட்டும் சம்ப்பின் (தரையடித் தண்ணீர்த் தொட்டி) மூடியும் வெளியே வரும். சங்கத்துக்குள்ளேயே சண்டை மூள்வது பெரும்பாலும் அன்றைக்குத்தான்.

ஸ்டே கேட்டீர்கள். “இருப்பது இருந்தபடி” என்று உத்தரவு வந்தால் வேலியும் இருந்தபடியே இருக்கும், வருடக்கணக்கில். வேலி எந்தத் தேதியில் வந்தது, எத்தனை தூண் என்று போட்டோவோடு காட்டி, கட்டடம் எழுப்பத் தடையும், பொதுமக்கள் போய்வர வழியும் தனித்தனியாகக் கேளுங்கள். இன்னொன்றையும் சங்கக் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள்: ஜெயித்தால் அது பொதுப் பார்க். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் வருவார்கள், நீங்கள் பூட்டுப் போட முடியாது.

இனி அந்த 5 குண்டா. அங்கீகார வரைபடத்தில் 14 குண்டா இருந்தால் ஒரு குண்டாவையும் விடாதீர்கள். பொது நிலத்தை விட்டுக்கொடுக்கச் சங்கச் செயலாளருக்கு அதிகாரமில்லை. ஆனாலும் அவர் போட்ட கையெழுத்தைச் செல்லாது என்று நிரூபிக்கவே பல வருடம் ஓடும். வரைபடமே இல்லை, பஞ்சாயத்துக் காலத்தில் அங்கீகாரமில்லாமல் போட்ட ரெவின்யூ லேஅவுட், அப்படிப்பட்ட சொத்துகளுக்குத் தனியாகப் பதியும் பி-காத்தா என்று தெரியவந்தால் கதை வேறு. கௌரவம் பார்க்காமல் சமரசத்துக்குப் போங்கள், முடிந்தால் 6, 7 என்று பேசிப்பாருங்கள். முத்திரைத்தாளில் எழுதும் ஒப்பந்தம் மட்டும் வேண்டாம். பார்க்குக்கு என்று குறிப்பிட்டு, நான்கு எல்லையும் எழுதி, மாநகராட்சிக்கே பதிவுப் பத்திரமாகக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அங்கீகார வரைபடம் இருக்கிறதா இல்லையா என்று தெரியும்வரை தூது வருபவருக்குப் பதில் சொல்லாதீர்கள். கூட்டத்தில் வருகைப் பதிவுக்கென்று நீட்டும் வெற்றுத் தாளில்கூட யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.