கிண்ணத்து ஆயிலும் வெடித்த ஹோஸும்

கேள்வி: என்னுடையது பழைய டிராக்டர். ஏர் கிளீனரின் அடியில் ஆயில் கிண்ணம் இருக்கும் மாடல். கோடை உழவில் கரும்புகை தள்ளுகிறது, இழுவையும் குறைகிறது. புழுதி அதிகம் என்பதால் கிண்ணத்தில் உள்ள அளவுக் கோட்டுக்கு மேலேயே ஆயில் ஊற்றுகிறேன். சரிதானா? எப்போது கழுவ வேண்டும்?
— வாசகர், மணப்பாறை

பதில்: கோட்டுக்கு மேல் ஊற்றுவதை இன்றே நிறுத்துங்கள். நடுக்குழாய் வழியே இறங்கும் காற்று ஆயிலின் மேல் மோதித் திரும்பும்போது கனமான மண் ஆயிலில் விழுந்துவிடும். மிச்சத்தை ஆயில் நனைந்த கம்பி வலை பிடித்துக்கொள்ளும். ஆயில் கூடினால் காற்றுக்கு வழி குறுகும், கரும்புகை அதனால்தான். இன்னும் கூடினால் ஆயிலையே இன்ஜின் உறிஞ்சும். டீசல் இன்ஜின் அந்த ஆயிலிலேயே தறிகெட்டு ஓடும், ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காது. குறைவாக ஊற்றினாலோ புழுதி நேரே உள்ளே போகும்.

புழுதி உழவு நாட்களில் தினமும் காலையில் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். இன்ஜினை நிறுத்திய உடனே பார்த்தால் வலையில் ஏறிய ஆயில் இறங்கியிருக்காது, அளவு தப்பாகத் தெரியும். விரலை விட்டால் அடியில் ஒரு சென்டிமீட்டர் சேறு தட்டுப்படுகிறதா, ஆயில் கூழாகிவிட்டதா? கொட்டிவிடுங்கள். கிண்ணத்தையும் கழலும் வலையையும் டீசலிலோ மண்ணெண்ணெயிலோ அலசி, சொட்டு நிற்கும்வரை கவிழ்த்து வையுங்கள். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்கும். பிறகு இன்ஜினுக்கு ஊற்றும் அதே கிரேடு புது ஆயில், கோடு வரை. வடித்த பழைய ஆயிலை இதற்கு ஒதுக்கி வைக்கும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அது மிச்சம் பிடிப்பதல்ல. மேல் வலை பல மாடல்களில் கழலாது. வருடம் ஒருமுறை ஏர் கிளீனரை முழுதாக இறக்கித்தான் அலச வேண்டும்.

இத்தனையும் செய்துவிட்டுப் பலர் கோட்டைவிடும் இடம், ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ். கிளாம்ப் அடியில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் வடிகட்டாத புழுதி அங்கேயே நுழைந்து இன்ஜினுக்குள் பிஸ்டன் ரிங்கையும் பிஸ்டன் ஓடும் உருளையான லைனரையும் அரைத்துவிடும். ஹோஸைக் கழற்றி உள்ளே துணியால் துடையுங்கள். மண் ஒட்டினால் கசிவு நிச்சயம். இன்னொரு சோதனை: இன்ஜின் ஐடிலில் ஓடும்போது காற்று நுழையும் வாயைப் பலகையால் மூடுங்கள், கையால் வேண்டாம். இன்ஜின் திணறி நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் வேறெங்கோ காற்று இழுக்கிறது.

கேள்வி: பழைய ஜீப்பின் பேப்பர் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவலாமா?
— வாசகர், தாராபுரம்

பதில்: கூடாது, பேப்பர் ஊறிப் பிரிந்துவிடும். கம்ப்ரஸர் காற்றின் அழுத்தத்தை 30 பி.எஸ்.ஐ.க்குள் வைத்து, உள்ளிருந்து வெளிப்பக்கமாக அடியுங்கள். வெளியிலிருந்து அடித்தால் தூசி மடிப்புக்குள் இன்னும் இறுகும். பிறகு இருட்டில் உள்ளே டார்ச் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும், ஓர ரப்பர் விறைத்திருந்தாலும் புதிது வாங்கிவிடுங்கள்.